டிமாக் கிணறுகள்: யாரும் முன்கூட்டி அளக்காத தண்ணீர்

எங்கள் வரவேற்பறைச் சுவரில், மின்விசிறிச் சுவிட்சுக்கு மேலே ஒரு விரிசல் இருக்கிறது. நீளம் 31 சென்டிமீட்டர், அகலம் 0.3 மில்லிமீட்டர். இவ்வளவு துல்லியமாக எனக்குத் தெரியக் காரணம், ஜூரோங் வெஸ்ட்டில் எங்கள் புளோக்குக்கு எதிரே ரயில் பாதைக்குத் தூண் இறக்கும் வேலை தொடங்குவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்த ஓர் இளைஞர். கையில் கேமரா, இன்னொரு கையில் கோடுகள் அச்சிட்ட சின்ன பிளாஸ்டிக் அட்டை. ஒவ்வொரு விரிசலின் மேலும் அந்த அட்டையை வைத்துப் படமெடுத்தார், குளியலறை ஓடுகளைக்கூட விடவில்லை. கடைசியில் ஒரு தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கினார். "இது எதுக்குத் தம்பி?" என்றேன். "நாளைக்கு நீங்க புது விரிசல்னு சொன்னா, பழசா புதுசான்னு பார்க்கணும்ல அங்கிள்" என்றார்.

அந்தத் தாளை மின்கட்டண ரசீதுகளோடு போட்டுவிட்டு மறந்துபோனேன். அது மறுபடி ஞாபகத்துக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில்.

சாப்பிட வந்திருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மாமா, ஜூரோங் தீவில் ஒரு ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்னொருவன் என் சித்தி மகன். மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊரிலிருந்து வந்து, துவாஸில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருக்கிறான். மின்கட்டணம் பற்றித் தொடங்கிய பேச்சு எரிவாயுவுக்குப் போனது, அங்கிருந்து, அந்த எரிவாயுவின் பெரும்பகுதியான மீத்தேனுக்கு. அப்புறம் யாரும் மீன் குழம்பைக் கவனிக்கவில்லை.

"கேஸ் இல்லன்னா இந்த ஏர்கான் ஓடுமாடா? இந்த ஊர் கரண்டுல தொண்ணூத்தஞ்சு சதவீதம் கேஸ்தான்" என்றார் மாமா.

"ஏர்கான் உங்களுக்கு, ஓட்டை எங்களுக்கா மாமா? அமெரிக்காவுல குழாயைத் திறந்தா தீப்பிடிக்குது, வீடியோ பார்க்கலையா? அதையேதானே நம்ம வயல்லயும் போட வந்தாங்க" என்றான் தம்பி.

"தண்ணி கெட்டுப்போச்சுங்கிறே. கெடறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு எவனாவது எழுதி வெச்சிருந்தானா?"

தம்பி பதில் சொல்லவில்லை. நான் சுவரைப் பார்த்தேன். வெல்டிங் இணைப்புகளில் ஓட்டை இருக்கிறதா என்று சோதிப்பதுதான் என் தொழில் என்பதால், மாமா கேட்ட கேள்வி என்னை விடவில்லை. அமெரிக்காவில் ஷேல் எரிவாயுச் சண்டை எந்த ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்டதோ, அந்த ஊரை எடுத்துக்கொண்டு சில மாதம் படித்தேன். ஊரின் பெயர் டிமாக்.

பாறையும் குழாயும்

பென்சில்வேனியா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், சஸ்குவஹானா மாவட்டத்தில் இருக்கிறது டிமாக். 2010 கணக்கெடுப்பில் சுமார் 1,500 பேர் வாழ்ந்த மேட்டு நிலம். பால் பண்ணைகளும் நீலக்கல் எடுக்கும் குவாரிகளும்தான் அங்கே பிழைப்பு. அரசாங்கக் குடிநீர்க் குழாய் அப்போது கிடையாது. வீட்டுக்கு ஒரு கிணறு, அதாவது நம் ஊரில் போர் என்று சொல்கிறோமே, அது. அடியில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் மார்செல்லஸ் என்ற ஷேல் பாறை அடுக்கு கிடக்கிறது.

ஷேல் என்பது பழைய கடலடிச் சேறு இறுகிப் பாறையானது. ஏடு ஏடாகப் பிரியும், உள்ளே வாயு இருக்கும், ஆனால் வெளியே வர வழி இருக்காது. சாதாரண எரிவாயுக் கிணற்றில் துளை போட்டால் வாயு தானாகவே மேலே வரும். இங்கே அப்படி வராது. டெக்சாஸில் பார்னெட் என்ற ஷேல் பாறையோடு ஜார்ஜ் மிட்செல் என்ற தொழிலதிபரின் நிறுவனம் பல வருடம் மல்லுக்கட்டி, 1990களின் கடைசியில் ஒரு வழி கண்டது. மணலும் கொஞ்சம் வேதிப்பொருளும் கலந்த தண்ணீரை மிக அதிக அழுத்தத்தில் செலுத்தினால் பாறை விரிசல் விடும். விரிசல் மறுபடி மூடாதபடி மணல் முட்டுக்கொடுக்கும். இதுதான் ஃப்ராக்கிங். செங்குத்தாக இறங்கிய துளையைப் பாறைக்குள்ளேயே படுக்கைவாட்டில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் திருப்பும் வித்தையும் இதோடு சேர்ந்தது. அதன்பின் அமெரிக்காவின் கணக்கே மாறிப்போனது. எரிவாயுவை இறக்குமதி செய்ய முனையங்கள் கட்டிக்கொண்டிருந்த நாடு, 2016 பிப்ரவரியில் லூசியானாவின் சபைன் பாஸிலிருந்து எல்என்ஜியை, அதாவது குளிரவைத்துத் திரவமாக்கிய எரிவாயுவை, கப்பலேற்றத் தொடங்கியது. 2023ல் உலகிலேயே அதிக எல்என்ஜி ஏற்றுமதி செய்த நாடும் அதுவே.

இதில் சண்டைக்கு முக்கியமான பாகம் பாறை இல்லை, குழாய். இரண்டு கிலோமீட்டர் கீழே போகும் துளை, மேலே உள்ள நிலத்தடி நீர் மட்டத்தையும் நடுவில் உள்ள சின்னச் சின்ன வாயு அடுக்குகளையும் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் எஃகு உறைக்குழாய் இறக்குவார்கள், குழாய்க்கும் துளைச் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் சிமென்ட் ஏற்றுவார்கள். நம்மூரில் போர் போடும்போது இறக்கும் கேசிங் பைப்பின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிமென்ட் சரியாகப் பிடிக்காவிட்டால், குழாயின் வெளிப்புறம் ஒரு புகைபோக்கி மாதிரி ஆகிவிடும். நடு அடுக்கில் உள்ள வாயு அதைப் பிடித்துக்கொண்டு மேலேறி, குடிநீர்க் கிணற்றுக்குள் நுழையும். இணைப்புகளைச் சோதித்துப் பிழைக்கிறவன் சொல்கிறேன், குழாயைவிட ஒட்டுகிற இடத்தில்தான் எப்போதும் வம்பு.

2009 புத்தாண்டு காலை

கேபட் ஆயில் அண்ட் கேஸ் என்ற நிறுவனத்தின் ஆட்கள் டிமாக்கில் வீடு வீடாக வந்து குத்தகை பேசினார்கள். சிலர் ஏக்கருக்கு 25 டாலர் முன்பணத்துக்கே கையெழுத்துப் போட்டார்கள். அதோடு, மாநிலச் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச உரிமத்தொகையாக எட்டில் ஒரு பங்கு. பால் விலை படுத்திருந்த காலம், அதனால் பலருக்கு அது நல்ல பேரமாகவே தெரிந்தது. சிலர் பின்னால் கணிசமாகச் சம்பாதிக்கவும் செய்தார்கள். டிமாக் முழுக்க எரிவாயுவுக்கு எதிராக நின்றது என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே சாலையின் இரண்டு பக்கமும் இரண்டு விதமான பலகைகள் நின்ற ஊர் அது.

2009 ஜனவரி 1ஆம் தேதி காலை ஒரு வீட்டின் கிணற்றுக் குழி வெடித்தது. மேலே மூடியிருந்த கான்கிரீட் பலகை உடைந்து தூக்கியடிக்கப்பட்டது. வீட்டுக்காரர் அப்போது வீட்டில் இல்லை.

மீத்தேனுக்கு வாசனை கிடையாது. சிங்கப்பூரில் சமையல் வாயு கசிந்தால் மூக்கைச் சுளிக்கிறோமே, அந்த நாற்றம் வேண்டுமென்றே சேர்ப்பது. நிலத்தடியிலிருந்து வரும் மீத்தேனுக்கு அப்படி யாரும் மணம் சேர்த்து அனுப்புவதில்லை. தண்ணீரில் கரைந்து வந்து, மூடிய குழிக்குள் பிரிந்து நிற்கும். காற்றில் 5 சதவீதத்திலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் ஒரு பொறி போதும். கிணற்று மோட்டாரின் சுவிட்சிலிருந்து வரும் பொறிகூட.

மாநிலச் சுற்றுச்சூழல் துறை விசாரித்தது. கேபட்டின் சில எரிவாயுக் கிணறுகளில் உறைக்குழாயும் சிமென்ட்டும் சரியில்லை, அந்த வழியாக வாயு 18 குடிநீர்க் கிணறுகளுக்குப் போய்விட்டது என்பது துறையின் முடிவு. 2009 நவம்பரில் நிறுவனத்தோடு ஒரு ஒப்புதல் உத்தரவு போட்டது. 2010 ஏப்ரலில், ஊரின் 9 சதுர மைல் பரப்பில் புதிதாகத் துளையிடத் தடை விதித்தது. சில எரிவாயுக் கிணறுகளை அடைக்கவும் சொன்னது. நிறுவனம் கடைசிவரை குற்றத்தை ஒத்துக்கொள்ளவில்லை. அதன் பதில் ஒன்றுதான்: இந்த வட்டாரத்துத் தண்ணீரில் மீத்தேன் நாங்கள் வருவதற்கு முன்பே இருந்தது.

எடுத்த எடுப்பில் இது சாக்குப்போக்கு மாதிரி இருக்கும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பக்கத்திலேயே சால்ட் ஸ்பிரிங்ஸ் என்ற மாநிலப் பூங்கா இருக்கிறது. அங்கே ஊற்றில் மீத்தேன் குமிழி குமிழியாக வரும். யாரும் ஃப்ராக்கிங் என்ற சொல்லைக் கேட்பதற்கு முன்பிருந்தே வருகிறது.

எது பழைய விரிசல்

இங்கேதான் எங்கள் வீட்டுச் சுவர் நினைவுக்கு வந்தது. கேபட் சொன்னது உண்மையா என்று பார்க்க ஒரே நேர்வழி, துளையிடுவதற்கு முன் ஒவ்வொரு கிணற்றிலும் எவ்வளவு மீத்தேன் இருந்தது என்ற கணக்கு. இரு தரப்பும் ஏற்றுக்கொள்ளும் அப்படியொரு முழுக்கணக்கு டிமாக்கில் இல்லை. பென்சில்வேனியாவில் பத்து லட்சத்துக்கும் மேலான தனியார் குடிநீர்க் கிணறுகள் இருந்தும், அவற்றை எப்படிக் கட்ட வேண்டும், எப்போது சோதிக்க வேண்டும் என்று மாநிலத்தில் விதி கிடையாது. கிணறு உங்களுடையது, தண்ணீரும் உங்கள் பாடு.

அளவு இல்லாத இடத்தில் விஞ்ஞானிகள் கைரேகை தேட வேண்டி வந்தது. சதுப்பு நிலத்தில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் மீத்தேனுக்கும், ஆழத்தில் வெப்பத்தில் வெந்து உருவாகும் மீத்தேனுக்கும் கார்பன் ஐசோடோப்பு விகிதம், அதாவது லேசான கார்பன் அணுவும் கனமான கார்பன் அணுவும் கலந்திருக்கும் அளவு, வேறு. டியூக் பல்கலைக்கழகத்தார் 2011 மே மாதம் வெளியிட்ட ஆய்வில் வடகிழக்குப் பென்சில்வேனியாவிலும் பக்கத்து நியூயார்க் பகுதியிலும் 68 தனியார் கிணறுகளைப் பார்த்திருந்தார்கள். எரிவாயுக் கிணற்றுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த குடிநீரில் மீத்தேன் சராசரியாக லிட்டருக்கு 19.2 மில்லிகிராம், துளையிடாத பகுதியில் 1.1 மில்லிகிராம். 17 மடங்கு. அதன் ஐசோடோப்பு ரேகையும் ஆழத்து வாயுவையே காட்டியது. அமெரிக்காவில் ஒரு மத்திய நிறுவனத்தின் வழிகாட்டுதல் 28 மில்லிகிராமைத் தாண்டினால் உடனே நடவடிக்கை எடு என்கிறது. இந்த ஆய்வின் உச்சம் 64.

அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. ஃப்ராக்கிங் திரவத்தின் வேதிப்பொருள் குடிநீரில் கலந்ததற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

ஆக, எதிர்ப்பாளர்கள் முதல் வாக்கியத்தை எடுத்துக்கொண்டார்கள், நிறுவனங்கள் இரண்டாவதை. இரண்டும் ஒரே தாளில் இருந்தவை, இரண்டும் சரியானவை. பின்னால் கேபட்டின் தரவை வைத்து வேறு ஆய்வாளர்கள் சஸ்குவஹானா மாவட்டத்தில் துளையிடுவதற்கு முன் எடுத்த 1,701 மாதிரிகளை அலசினார்கள். மீத்தேன் பரவலாகவே இருக்கிறது, பள்ளத்தாக்குக் கிணறுகளில் அதிகம் இருக்கிறது, எரிவாயுக் கிணற்றுக்குப் பக்கமா தூரமா என்பதைவிட மேடா பள்ளமா என்பதே கணக்கு என்றார்கள். அது மாவட்டத்துக்குப் பொதுவான பேச்சு. உங்கள் கிணறு 2006ல் எப்படி இருந்தது என்ற கேள்விக்கு அது பதில் இல்லை.

என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். மாநிலத் துறை சொன்னதுதான் பொருந்துகிறது. மார்செல்லஸ் பாறையில் போட்ட விரிசல் இரண்டு கிலோமீட்டர் மேலே ஏறி வந்து கிணற்றைத் தொடவில்லை. நடுவில் ஏற்கெனவே இருந்த வாயு, மோசமான சிமென்ட் வழியாக ஏறியது. அப்படியானால் ஃப்ராக்கிங் தண்ணீரைக் கெடுத்ததா? நிறுவனம் அந்தச் சொல்லுக்கு வைத்திருந்த பொருள், பாறையை உடைக்கும் அந்தச் சில நாள் வேலை மட்டும். அந்தப் பொருளில் இல்லை என்று சொல்லலாம், பொய்யாகாது. ஊர்க்காரர்களுக்கோ குத்தகைக்காரர் வந்த நாள் முதல் லாரி, கழிவுநீர்க் குட்டை, குழாய், சிமென்ட், இரவெல்லாம் எரியும் சுடர் எல்லாம் சேர்ந்து ஃப்ராக்கிங். அந்தப் பொருளில் ஆம். தொலைக்காட்சியில் இரண்டு தரப்பும் வருடக்கணக்கில் மாறி மாறிக் கத்திக்கொண்டது இந்தச் சொல்லின் மேல்தான்.

குழாய்த் தண்ணீர் தீப்பிடிக்கும் அந்தப் புகழ்பெற்ற காட்சிக்கும் இதே கதி. 2010ல் வந்த ஓர் ஆவணப்படத்தில் கொலராடோ வீடு ஒன்றில் எடுத்தது அது. அந்த வீட்டு மீத்தேன் நுண்ணுயிர் வழியில் வந்தது, துளையிடலுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள் கொலராடோ அதிகாரிகள். தம்பியிடம் இதைச் சொன்னபோது அவன் முகம் வாடிவிட்டது. டிமாக்கைப் பற்றிச் சொன்ன பிறகே சாப்பாட்டைத் தொடர்ந்தான்.

ஒரே மாதிரி, இரண்டு தீர்ப்பு

பணம் பற்றிய பகுதி நீளம், சுருக்கிவிடுகிறேன். 2010 செப்டம்பரில் மாநிலம் பக்கத்து ஊரான மாண்ட்ரோஸிலிருந்து டிமாக்குக்குக் குடிநீர்க் குழாய் போடுவோம் என்றது, செலவு சுமார் 11.8 மில்லியன் டாலர், கேபட்டிடம் வசூலிப்போம் என்றது. டிசம்பரில் அதைக் கைவிட்டது. பதிலுக்கு 19 குடும்பங்களுக்கு மொத்தம் 4.1 மில்லியன் டாலர், வீட்டு மதிப்பைப் போல் இரண்டு மடங்கு என்ற கணக்கில். 2011 நவம்பர் கடைசியில், அதுவரை அந்த வீடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்த தண்ணீர் வண்டியைக் கேபட் நிறுத்தியது.

2012 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை உள்ளே வந்தது. நான்கு வீடுகளுக்குத் தண்ணீர் கொடுத்தது, 64 வீடுகளில் மாதிரி எடுத்தது. ஜூலையில் சொன்னது: ஐந்து வீடுகளில் ஆர்செனிக், பேரியம், மாங்கனீசு கவலைப்படும் அளவில் இருந்தன, ஆனால் அவற்றைச் சுத்திகரிப்புக் கருவி கொண்டு குறைக்க முடியும், மேற்கொண்டு நடவடிக்கை தேவையில்லை. நாடு முழுக்கச் செய்தி "டிமாக் தண்ணீர் பாதுகாப்பானது" என்று போனது.

நான்கு வருடம் கழித்து, 2016ல், இன்னொரு மத்திய அமைப்பு, நச்சுப் பொருட்களால் வரும் நோய்களைக் கண்காணிப்பது, அதே 64 மாதிரிகளை எடுத்து வைத்துப் பார்த்தது. 27 கிணறுகளில் உடல்நலத்தைப் பாதிக்கும் அளவில் வேதிப்பொருள் இருக்கிறது, 17 கிணறுகளில் தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கிறது என்றது. ஒரு சொட்டுத் தண்ணீர் புதிதாக எடுக்கவில்லை. முதல் அமைப்பு கேட்டது, அவசரமாக நாம் தலையிட வேண்டுமா என்று. இரண்டாவது கேட்டது, இதைக் குடிக்கலாமா என்று. கேள்விக்கேற்ற பதில். அந்த ஆர்செனிக் எங்கிருந்து வந்தது என்று இரண்டாவது அமைப்பாலும் சொல்ல முடியவில்லை. காரணம் மறுபடி அதே காரணம்தான், முந்தைய அளவு கிடையாது.

நீதிமன்றத்திலும் அதுவே உதைத்தது. 2016 மார்ச்சில் நடுவர் குழு இரண்டு குடும்பங்களுக்கு 4.24 மில்லியன் டாலர் கொடுக்கச் சொன்னது. அடுத்த வருடம் நீதிபதி ஆதாரம் போதாது என்று அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார். 2020ல் மாநில அரசு வழக்கறிஞர் குற்றவழக்குத் தொடர்ந்தார். 2022 நவம்பர் 29ஆம் தேதி, அதற்குள் கோட்டெரா என்று பெயர் மாறியிருந்த நிறுவனம், ஒரு குற்றச்சாட்டுக்கு மறுப்பு சொல்லாமல் ஒதுங்கிக்கொண்டது. 16.29 மில்லியன் டாலர் கொடுத்துக் குடிநீர்க் குழாய் போடவும், அந்த வீடுகளின் தண்ணீர்க் கட்டணத்தை 75 வருடம் கட்டவும் ஒத்துக்கொண்டது. வெடித்த நாளிலிருந்து ஏறத்தாழ பதினான்கு வருடம். 2010லேயே போட்டிருந்தால் 11.8 மில்லியனில் முடிந்திருக்கும் குழாய். அதே சமயத்தில், 9 சதுர மைலுக்கான தடையையும் மாநிலம் தளர்த்தியது. பக்கத்திலிருந்து படுக்கைவாட்டில் துளையிட்டு அந்த நிலத்தடி வாயுவை எடுக்க வழி திறந்தது. டிமாக்கில் சிலர் இதைப் பேரம் என்றார்கள். என்னால் அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை.

ஆனால் இந்த வரலாற்றில் ஒரு நல்ல வரி உண்டு, அதைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை. பென்சில்வேனியாவின் 2012ஆம் ஆண்டுச் சட்டம் 13. ஷேல் கிணற்றைச் சுற்றி 2,500 அடிக்குள், வேலை முடிந்து 12 மாதத்துக்குள் குடிநீர் கெட்டால், நிறுவனமே காரணம் என்று கொள்ளப்படும். இல்லையென்று நிரூபிக்க வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. முன்பு இது 1,000 அடி, 6 மாதம். நிரூபிக்க ஒரு சுலப வழி, துளையிடுவதற்கு முன் தண்ணீரைச் சோதித்து வைத்திருப்பது. அவ்வளவுதான், நிறுவனங்கள் தாங்களாகவே கிணறு கிணறாகப் பாட்டிலோடு கிளம்பின. எங்கள் வீட்டுக்கு அந்த இளைஞர் அட்டையோடு வந்ததும் இதே தர்க்கத்தில்தான்.

மற்ற இடங்கள், வேகமாக

டிமாக்குக்கு வெளியே சண்டை பல வடிவம் எடுத்தது. பிரான்ஸ் 2011லேயே ஃப்ராக்கிங்கைத் தடை செய்தது, நியூயார்க் மாநிலம் 2014 டிசம்பரில். டெக்சாஸின் டென்டன் நகரம் 2014ல் வாக்கெடுப்பு நடத்தித் தடுத்தது. ஆறே மாதத்தில் மாநிலச் சட்டமன்றம் அந்த அதிகாரத்தையே நகரங்களிடமிருந்து பறித்தது. இங்கிலாந்தில் பிளாக்பூல் பக்கம் 2019 ஆகஸ்ட்டில் 2.9 அளவு நிலஅதிர்வு வந்ததும் நிறுத்தினார்கள். 2022ல் ஒரு பிரதமர் திறந்தார், அடுத்தவர் சில வாரத்தில் மூடினார். ஓக்லஹோமாவில் 2016ல் 5.8 அளவில் அதிர்ந்தது. அங்கே பெரும்பாலும் காரணம் பாறையை உடைத்தது இல்லை, எண்ணெயோடு வந்த உப்புக் கழிவுநீரை ஆழத்தில் திருப்பி இறக்கியது. இங்கேயும் ஒரு சொல்லுக்குள் இரண்டு வேலை.

ஜூரோங் தீவுக்கு வரும் வாயு

மாமாவின் 95 சதவீதத்துக்கு வருவோம். எண் ஏறக்குறைய சரிதான். சிங்கப்பூரின் மின்சாரத்தில் பெரும்பங்கு இயற்கை எரிவாயு. இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் குழாய் வழியாக வருவது ஒரு பங்கு. 2013லிருந்து ஜூரோங் தீவு முனையத்தில் எல்என்ஜியாகக் கப்பலில் வருவது இன்னொரு பங்கு. மைனஸ் 162 டிகிரியில் திரவமாக்கி, அறுநூறில் ஒரு பங்காகச் சுருக்கிக் கொண்டு வருகிறார்கள். அமெரிக்கச் சரக்கும் இதில் உண்டு. கப்பலில் வந்த மீத்தேன் எந்த மாநிலத்துப் பாறையிலிருந்து வந்தது என்று எந்த அடுப்பாலும் சொல்ல முடியாது. ஏற்றும் இடத்திலேயே பல குழாய்களின் வாயு கலந்துதான் இருக்கும்.

வாயு வராவிட்டால் என்ன ஆகும் என்று 2021 அக்டோபரில் பார்த்தோம். இந்தோனேசியக் குழாயில் வரத்து குறைந்தது, உலகச் சந்தையில் விலை தாறுமாறாக ஏறியது, பல மின்விற்பனை நிறுவனங்கள் கடையைக் கட்டின. எனக்கு மின்சாரம் விற்றுக்கொண்டிருந்த ஒன்றும் ஒரு மின்னஞ்சலோடு காணாமல் போனது. மலிவு விலை ஒப்பந்தத்தில் இன்னும் பதினோரு மாதம் பாக்கி இருந்தது. அதனால் மாமா சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் நிலக்கரியைவிட வாயு சுத்தம் என்று அவர் முடிக்கும் இடத்தில் ஒரு நிபந்தனை உண்டு. எரிக்கும்போது சுத்தம். எரியாமல் கசிந்த மீத்தேன், 20 வருடக் கணக்கில் கரியமிலவாயுவைப் போல் 80 மடங்குக்கு மேல் சூடாக்கும், 100 வருடக் கணக்கில் 30 மடங்கு. கசிவு சுமார் 3.2 சதவீதத்தைத் தாண்டினால் மின் உற்பத்தியில் நிலக்கரியை மாற்றுவதால் உடனடிப் பலன் இல்லை என்று 2012ல் ஒரு கணக்குப் போட்டார்கள். 2018ல் வந்த பெரிய ஆய்வு அமெரிக்காவின் சராசரிக் கசிவு 2.3 சதவீதம் என்றது. அது அரசாங்கக் கணக்கைவிட 60 சதவீதம் அதிகம். நியூ மெக்சிகோவின் பெர்மியன் பகுதியில் விமானத்திலிருந்து அளந்தபோது 9 சதவீதத்துக்கு மேல். 2024ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹோவார்த், கப்பலேற்றும் அமெரிக்க எல்என்ஜி 20 வருடக் கணக்கில் நிலக்கரியைவிட 33 சதவீதம் மோசம் என்று எழுதினார். 100 வருடக் கணக்கை எடுப்பவர்கள் அதை ஏற்பதில்லை.

இதில் எனக்கு வியப்பாக இருந்தது வேறு. வடகிழக்குப் பென்சில்வேனியாவில், அதாவது டிமாக் இருக்கும் அதே வட்டாரத்தில், அளந்த கசிவு உற்பத்தியில் அரை சதவீதத்துக்கும் குறைவு. ஒவ்வொரு கிணறும் அவ்வளவு வாயு தருவதால் விகிதம் இறங்கிவிடுகிறது. குடிநீருக்காகப் பதினான்கு வருடம் சண்டை போட்ட ஊரின் வாயு, காலநிலைக் கணக்கில் அமெரிக்காவிலேயே நல்ல பிள்ளைகளில் ஒன்று. ஷேல் நல்லதா கெட்டதா என்று ஒற்றைக் கேள்வியாகக் கேட்கிறவர்களுக்கு இதை என்ன செய்வது என்று தெரியாது.

சிங்கப்பூரின் கார்பன் வரி 2024ல் டன்னுக்கு 25 வெள்ளி, 2026ல் 45 வெள்ளி. அது இங்கே எரிப்பதற்கு. கிணற்றடியில் கசிந்தது அந்தந்த நாட்டுக் கணக்கில் போகும், அங்கே அளந்தால். தம்பி சொன்ன "ஏர்கான் உங்களுக்கு, ஓட்டை எங்களுக்கா" என்பது கொஞ்சம் முரட்டுத்தனமான பேச்சுதான். கணக்கு எழுதும் முறை அவன் பக்கம் இருக்கிறது.

மன்னார்குடிக்குத் திரும்பி

ஒன்றைத் திருத்த வேண்டும். எங்கள் ஊருக்கு 2010 வாக்கில் வந்தது ஷேல் இல்லை. மன்னார்குடி வட்டாரத்தில் 691 சதுர கிலோமீட்டரில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்கும் திட்டம் அது. அதில் பாறையை உடைப்பதைவிட, நிலக்கரி அடுக்கில் உள்ள தண்ணீரை இறைத்து வெளியேற்றுவதுதான் பெரிய வேலை. டெல்டா விவசாயிக்கு இதைவிடக் கலக்கமான சேதி வேறு இருக்க முடியாது. இதை எதிர்த்து ஊர் ஊராகப் போன இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், அந்தப் பயணத்தின் நடுவிலேயே 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே காலமானார். 2017ல் நெடுவாசல் வந்தது, அது ஹைட்ரோகார்பன், அதாவது எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் திட்டம். அதே வருடம் கதிராமங்கலம், அது பழைய எண்ணெய்க் குழாயில் கசிவு. ஊர் வாயில் எல்லாமே மீத்தேன். அமெரிக்கர்களுக்கு ஃப்ராக்கிங் எப்படியோ, நமக்கு மீத்தேன் அப்படி. 2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இவற்றைப் பிரித்தே எழுதியிருக்கிறது: எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் எரிவாயு, எதையும் புதிதாகத் தேடவோ எடுக்கவோ கூடாது. சட்டம் வருவதற்கு முன்பே இயங்கிக்கொண்டிருந்த கிணறுகளை அது தொடவில்லை.

தம்பிக்கு இதெல்லாம் சொன்னபோது அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "அப்போ நம்ம கிணத்தை இப்பவே அளந்து வெச்சிடலாமாண்ணே?"

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனவன், இரண்டு லிட்டர் புட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு மாவட்டத்தில் உள்ள ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குப் போயிருக்கிறான். நான்கு நாளில் அறிக்கை வந்தது. வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பினான். கரைந்த உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட், இரும்பு, புளோரைடு என்று வரிசையாகக் கட்டங்கள். மீத்தேனுக்குக் கட்டம் இல்லை. அங்கிருந்தவரிடம் கேட்டதற்கு, "அதெல்லாம் இங்க பார்க்கிறது இல்லைங்க, எதுக்குக் கேக்குறீங்க?" என்றாராம்.

கரைந்த வாயுவுக்கு மாதிரி எடுப்பதே வேறு முறை. சின்னக் கண்ணாடிக் குப்பியை ஒரு வாளித் தண்ணீருக்குள் முழுக்க அமிழ்த்தி, குழாயை உள்ளே விட்டு நிரப்பி, தண்ணீருக்குள்ளேயே மூடியைத் திருக வேண்டும். கவிழ்த்துப் பார்த்தால் ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது. அப்புறம் ஐஸில் வைத்து எடுத்துப் போக வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமையலறைத் தொட்டியில், ஊறுகாய் பாட்டிலை வைத்து மூன்று பேரும் பழகிப் பார்த்தோம். மாமாதான் முதலில் குமிழி இல்லாமல் மூடினார். எந்த ஆய்வகத்தில் கொடுப்பது என்று தம்பி இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறான்.